துக்க நாள் கண்ட பெரியார் வில்லியம் கூப்பர்

திருநாள் என்பது நாட்டார் யாவர்க்கும் மகிழ்வு தருவதாதல் வேண்டும். ஒருசாரார் கொடியேற்றிக் களிக்கும் நாளில் மற்றொருசாரார் கண்ணீர் உகுப்பாராயின், அதனை நாடு முழுமைக்கும் உரிய திருநாள் எனல் தகுமோ? இவ்வினாவை ஆஸ்திரேலியா தேசத்தின்முன் நிறுத்திய பெரியாருள் ஒருவர் வில்லியம் கூப்பர்.

1788 ஜனவரி 26-ல் ஆர்தர் பிலிப் என்பார் 11 கப்பல்களோடு வந்து, சிட்னித் துறையில் ஆங்கிலக் கொடியை நாட்டினர். அந்நாளே பின்னர் ஆஸ்திரேலியா தினமாயிற்று. தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்த பழங்குடியினர்க்கோ, அது நிலமும் உரிமையும் இழக்கத் தொடங்கிய நாள்.

கூப்பர் மரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா குடியினர். ஆட்டுமயிர் கத்தரித்தும் கால்நடை ஓட்டியும் உழைத்து வாழ்ந்தவர். அவர்தம் மைந்தருள் ஒருவர் 1917-ல் பெல்ஜியப் போர்க்களத்தில் அந்நாட்டின் பொருட்டே உயிர் நீத்தனர். ஆயினும், பழங்குடியினர்க்கென ஒதுக்கிய நிலத்தில் வாழ்வோர்க்கு முதியோர் உதவித்தொகை இல்லையென்பது அக்காலச் சட்டம். ஆதலின் 1933-ல், எழுபது கடந்த பருவத்தில், அவர் மெல்போர்ன் நகரின் புறத்தேயுள்ள புட்ஸ்கிரே என்னும் ஊரில் குடியேறினர்.

ஓய்ந்திருக்க வேண்டிய வயதிலே ஒரு சங்கம் கண்டு, பாராளுமன்றத்தில் தம்மவர்க்கு ஓரிடம் வேண்டி, மன்னர்க்கு விண்ணப்பம் எழுதி 1,814 கையொப்பம் திரட்டினர். அரசாங்கத்தாரோ அதனை மன்னர்க்கு அனுப்ப மறுத்தனர்.

1938 ஜனவரி 26-ல், குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டு விழாவைச் சிட்னி நகரம் ஆரவாரத்தோடு கொண்டாடிற்று. அதே நாளில், அதே நகரில், ஜாக் பேட்டன், வில்லியம் பெர்கூசன் முதலியோரொடு கூப்பரும் ஒரு மண்டபத்திற் கூடித் துக்க நாள் அனுசரித்தனர். முழுக் குடியுரிமை வேண்டுமென்று அக்கூட்டம் தீர்மானித்தது. அவர்கள் எவர் விழாவிலும் கல்லெறிந்திலர். தம் துயரத்தை உலகறியச் சொல்லினர், அவ்வளவே.

தம்மவர் துன்பம் ஒன்றே அவர்க்குத் துன்பமன்று. ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டமையைக் கண்டித்து, 1938 டிசம்பர் 6-ல் மெல்போர்னிலுள்ள ஜெர்மானியத் தூதரகத்திற்கு ஒரு குழுவினரை அழைத்துச் சென்றனர். உரிமையற்றவர் பிறர் உரிமைக்கு வாதாடியது அருமையன்றோ!

1941 மார்ச்சு 29-ல் கூப்பர் காலமானார். 1967-ல் நிகழ்ந்த பொதுவாக்கெடுப்பால் பழங்குடியினரும் நாட்டு மக்கட்டொகையில் எண்ணப்பெறலாயினர். தேதி மட்டும் மாறவில்லை. 1994 முதல் எல்லா மாகாணங்களிலும் ஜனவரி 26-லேயே விடுமுறை விடப்படுகின்றது. அதனை மாற்றுக என்பாரும் கூடாது என்பாரும் இன்றும் வழக்கிடுகின்றனர்.

அன்பர்காள்! நம் இல்லத்து விழாவாயினும் சங்கத்து விழாவாயினும், பந்தியில் அமராது வாயிலில் வருந்தி நிற்பார் உளரோ என்று ஒருகால் நோக்குவோமாக. அவரையும் அழைத்து அமர்த்திய பின்னரே அது திருநாளாகும்.