புல் நுனியில் கண்ட உண்மை

இருண்ட அறையில் முளைத்த இளம்பயிர், சாளரத்தின் வழியே ஒளி புகுந்தால் அத்திசை நோக்கி வளைகின்றது. இது யாவரும் கண்ட காட்சியே. ஆயினும், அது எவ்வாறு வளைகின்றது என வினவி, முதுமைப் பருவத்திலும் விடை தேடி உழைத்தவர் சார்லஸ் டார்வின். உயிர்களின் படிமலர்ச்சியை விளக்கி உலகப் புகழ் பெற்ற அப்பெரியார், சிறு புல்லிடத்தும் ஓர் அரிய உண்மையைக் கண்டார் என்பதைப் பலர் அறியார்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். மகனும் மருத்துவனாதல் வேண்டும் என விரும்பி எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வழங்காத அக்காலத்தில், நோயாளர் துடிக்க நடைபெற்ற அறுவை மருத்துவத்தைக் காணப் பொறாது டார்வின் அக்கல்வியைத் துறந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றபோது, ஹென்ஸ்லோ என்னும் தாவரவியல் பேராசிரியரின் நட்பைப் பெற்றார். அவருடைய பரிந்துரையால், பீகிள் என்னும் கப்பலில் 1831ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1836இல் மீண்டார்.

1842 முதல் கென்ட் மாவட்டத்தில் டௌன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். தீராப் பிணி அவரை வாட்டியது. நாள்தோறும் சில மணி நேரமே உழைக்க இயன்றது. அந்நிலையிலும், உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் பெருநூலை 1859இல் வெளியிட்டார்.

டார்வினின் மகன் பிரான்சிஸ் மருத்துவம் பயின்றவர். 1876இல் அவர்தம் இளம் மனைவி ஆண்மகவு ஒன்றை ஈன்று, சில நாட்களில் உயிர் நீத்தார். கைக்குழந்தையுடன் தந்தையின் இல்லம் சேர்ந்த பிரான்சிஸ், அவருடைய ஆய்வுக்குத் துணை நின்றார். துயருற்ற மகனும் பிணியுற்ற தந்தையும் ஒன்றுகூடிச் செடிகளின் அசைவுகளை ஆராயலாயினர்.

அவர்கள் கானரிப் புல்லின் முளைகளைத் தேர்ந்துகொண்டனர். நெல்லும் கோதுமையும் அடங்கிய புற்குடும்பத்தைச் சார்ந்தது அப்புல். ஒளி ஒரு பக்கமிருந்து பட்டபோது முளை வளைந்தது. ஆனால் வளைந்த இடம் நுனியன்று, அதன் கீழ்ப்பகுதியே. ஒளியை உணர்வது எப்பகுதி என அறிய விரும்பிய டார்வின், சில முளைகளின் நுனிகளுக்குக் கருமை பூசிய சிறு கண்ணாடிக் குழாய்களைத் தொப்பி போல் அணிவித்தார். அவை பெரும்பாலும் நேரே நின்றன. குழாயின் பாரமே காரணமோ என்னும் ஐயத்தை நீக்கக் கருமை பூசாத குழாய்களையும் அணிவித்தார்; அம்முளைகள் வளைந்தன. வேறு சிலவற்றை, நுனி மட்டும் தெரியுமாறு நுண்ணிய கருமணலில் புதைத்தார். அவற்றின் கீழ்ப்பகுதிகளும் வளைந்தன. ஆகவே, ஒளியை நுனி உணர்கின்றது. அங்கிருந்து ஏதோ ஓர் ஆற்றல் கீழிறங்கி வளைவை உண்டாக்குகின்றது என அவர் துணிந்தார்.

இம்முடிபுகள் 1880இல் நூலாக வெளிவந்தன. ஜெர்மனியின் தலைசிறந்த தாவரவியலார் ஜூலியஸ் சாக்ஸ் அவற்றை ஏற்கவில்லை. வேர் நுனியைப் பற்றிய டார்வினின் சோதனைகள் திறமையின்றிச் செய்யப்பட்டவை என்று அவர் பழித்தார். பிரான்சிஸ் முன்னர் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பயின்றவராதலின், அப்பழிப்பு மேலும் வருத்தியது. வழக்குத் தீருமுன்னரே 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

எனினும், உண்மை மறையவில்லை. டென்மார்க் நாட்டுப் பாய்சன் யென்சன், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, இடையே ஜெலட்டின் வைத்துப் பொருத்தினார். ஆற்றல் அதனையும் கடந்து சென்றது. 1928இல் ஹாலந்து நாட்டுப் பிரிட்ஸ் வென்ட், நுனியிலிருந்து அகார்க் கட்டியில் ஊறிய பொருளே அவ்வாற்றல் என மெய்ப்பித்தார். ஆக்ஸின் எனப் பெயர் பெற்ற அவ்வளர்ச்சி ஊக்கி, நிழற்பக்கத்தில் மிகுந்து அங்குள்ள செல்களை நீளச் செய்கின்றது. அதனால் முளை ஒளிப்பக்கம் சாய்கின்றது.

ஊக்கியின் ஆணையைச் செல்கள் எவ்வாறு நிறைவேற்றுகின்றன என்னும் வினாவிற்கு மரபணு ஆய்வு விடை தந்தது. 2005இல் நெல்லின் மரபணுத் தொகுதி முறையாகப் படித்தறியப்பட்டது. ஆக்ஸினுக்கு ஏற்ப இயங்கும் மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக அதில் அமைந்துள்ளன. ஒரு குடும்பத்தில் 25 மரபணுக்கள் உள்ளன. அவை தரும் புரதங்கள் பிற மரபணுக்களின் வேலையை ஆள்கின்றன. மற்றொரு குடும்பத்தில் 31 மரபணுக்கள் உள்ளன. அவற்றின் புரதங்கள் முன்னவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆக்ஸின் வந்ததும் தடுக்கும் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன; தடை நீங்கி, வளர்ச்சிக்குரிய மரபணுக்கள் விழித்தெழுகின்றன. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. வேர் பரவுதலும் தூர் கட்டுதலும் கதிர் அமைதலும் ஆக்ஸினைச் சார்ந்தவையாதலின், நல்விளைவு தரும் பயிர்களை ஆக்க விழைவோர் இவற்றை ஆராய்கின்றனர்.

ஒரு மூதாதை மரபணு காலப்போக்கில் பலவாகப் பெருகி, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக வேறுபட்டமையால் இக்குடும்பங்கள் தோன்றின. உயிரினங்கள் ஒரு மூலத்தினின்று கிளைத்தன என்று டார்வின் முன்னர்க் காட்டிய நெறியும் இதுவே. பெருநூலில் அவர் கூறிய உண்மையும் புல் நுனியில் அவர் கண்ட உண்மையும் இவ்வாறு நெல்மணிக்குள் ஒன்றுகூடி நிற்கின்றன.