காவலூரைக் கண்டெடுத்த வைணு பாப்பு

(பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு)

மொட்டை மாடியில் படுத்து விண்மீன்கள் கண்சிமிட்டுவதைக் கண்டு மகிழாதவர் நம்மில் யார்? ஆனால் தோழியரே, நமக்கு இன்பம் தரும் இக்கண்சிமிட்டல் வானியல் அறிஞர்களுக்குப் பெருந்தொல்லை! விண்மீன் உண்மையில் நடுங்குவதில்லை. அதன் ஒளி சூடும் குளிரும் கலந்த காற்றைக் கடந்து வரும்போது இங்குமங்கும் வளைகிறது. கோடையில் தார்ச்சாலையின்மேல் எதிரே வரும் பேருந்து நெளிவதுபோல் தெரிகிறதல்லவா? அதே கதைதான் இதுவும். தெளிந்த வானம் ஒன்றைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்ததால், மற்றப் பிள்ளைகளுக்குப் பம்பரம்போல் அவருக்குத் தொலைநோக்கி! உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றவர், 1949-ஆம் ஆண்டிலேயே ஒரு புதிய வால்மீனைக் கண்டார். அது பாப்பு-பாக்-நியூகர்க் என மூவர் பெயரைத் தாங்கியது. பின்னர் அக்காலத்தில் உலகிலேயே பெரிதான 200 அங்குலத் தொலைநோக்கி இருந்த பாலோமர் மலையில் ஆராய்ச்சி செய்தார். ஆலின் வில்சனுடன் அவர் கண்டு 1957-இல் வெளியிட்ட வில்சன்-பாப்பு விளைவு, விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறிய உதவுகிறது.

அங்கேயே தங்கியிருந்தால் புகழும் வசதியும் தாமே வந்திருக்கும். அவரோ 1953-இல் தாய்நாடு திரும்பினார். அதே 1953-இல், அவர் விட்டுவந்த வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த ஹொரஸ் பாப்காக் என்பவர் ஒரு விந்தையான யோசனையை வெளியிட்டார். காற்று ஒளியை எவ்வளவு வளைத்தது என்று அக்கணமே அளந்து, அதை ஈடுகட்டும்படி கருவியையும் மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன? அன்று இது கனவு. இன்று தொலைநோக்கியின் சிறு கண்ணாடிகள் நொடிக்குப் பல நூறு முறை வளைந்து கொடுக்கின்றன! இதற்குத் தகவமைப்பு ஒளியியல் என்று பெயர்.

இதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. விண்மீனுக்காகப் பிறந்த இம்முறை நுண்ணோக்கிக்கும் உதவுகிறது. ஆய்வகத்தில் நாம் பார்க்கும் வெங்காயத் தோல் ஒற்றை அடுக்கு. ஆகவே தெளிவாகத் தெரிகிறது. உயிருள்ள உடலின் ஆழத்திலோ கொழுப்பும் நீரும் ஒளியை வெவ்வேறு விதமாக வளைப்பதால் செல்கள் மங்கிவிடும். திசுவுக்குள் ஓர் ஒளிப்புள்ளியை உண்டாக்கி, அதையே வழிகாட்டும் விண்மீனாகக் கொண்டு அந்த வளைவை அளந்து திருத்துகிறார்கள். 2018-இல் எரிக் பெட்சிக் குழுவினர் உயிருள்ள வரிக்குதிரை மீனின் உடலுக்குள்ளேயே செல்கள் இயங்குவதை இவ்வாறு படம் பிடித்தனர்.

பாப்புவின் கையில் அத்தகைய கருவி இல்லை. அவர் நல்ல வானத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தின் இயக்குநரானவர், நகர வெளிச்சம் எட்டாத இடத்தைத் தேடி, ஜவ்வாது மலையின் சந்தனக் காட்டில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அது நமக்குத் தொலைவும் அன்று. அம்பத்தூர், ஆவடி வழியாக ஜோலார்பேட்டை செல்லும் ரயிலில் வாணியம்பாடியில் இறங்கினால், ஆலங்காயம் வழியாகப் போய்விடலாம். 1968-இல் 15 அங்குலத் தொலைநோக்கியும், 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கு வந்தன. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அவருக்கு அது போதவில்லை. 93 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று முனைந்தார். 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னும் அவர் மனம் அதிலேயே இருந்தது. ஆனால் வேலை முடியுமுன், 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில், தம் 55-ஆம் வயதில் காலமானார். 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அத்தொலைநோக்கிக்கும் வானாய்வுக் கூடத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.