வானேறிய பெயர்: வைணு பாப்பு
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

வால்மீனைக் கண்டுபிடித்தவர் பெயரையே அதற்குச் சூட்டுவது வானியலார் வழக்கம். அவ்வாறு வானேறிய பெயர்களுள் சென்னையில் பிறந்த ஒருவரின் பெயரும் உண்டு. அவரே மணலி கல்லாட் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்டு 10 அன்று பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானோக்கு நிலையத்தில் பணிபுரிந்தவர். ஆகவே தொலைநோக்கி அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழகிய பொருளாயிற்று. கல்லூரி மாணவராக இருந்தபோதே ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை வெளியிட்டார். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தந்தையிடமே வானியல் பயிலும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. தமக்கு வாய்த்த பேற்றை அவர் பிறருக்கும் எப்படிப் பொதுவாக்கினார் என்பதே என்னைக் கவர்ந்தது.

ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். சில மாதங்களிலேயே, ஜூலை 2 அன்று எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். உடன் ஆய்ந்த இருவரின் பெயர்களும் சேர்ந்து அது ‘பாப்பு-போக்-நியூகிர்க்’ ஆயிற்று. அது ஒருமுறை கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டனர். பசிபிக் வானியல் கழகத்தின் டோனோ வால்மீன் பதக்கம் அவரைத் தேடி வந்தது.

இதை வெறும் நற்பேறு என்று நான் எண்ணவில்லை. விண்மீன்களுக்கு நடுவே வால்மீன் நாளுக்கு நாள் இடம் மாறும். நோவா என்னும் புதுமீனோ நின்ற இடத்திலேயே திடீரென ஒளி பெருகும். எது புதியது என்று சொல்ல வேண்டுமானால் பழைய வானம் மனப்பாடமாக இருக்க வேண்டும். மாணவப் பருவம் முதல் விழித்த இரவுகளே அந்தத் தகட்டை அவருக்குப் படித்துக் காட்டின.

1957-இல் வில்சனுடன் சேர்ந்து, விண்மீனின் நிறமாலையில் ஒரு கால்சியக் கோட்டின் அகலத்தை அளந்தே அதன் உண்மையான ஒளியாற்றலை அறியலாம் எனக் காட்டினார். ‘வில்சன்-பாப்பு விளைவு’ என்று பாடநூல்கள் கூறுவது இதனையே.

அயல்நாட்டிலேயே தங்கியிருந்தால் பெரிய தொலைநோக்கிகள் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆயினும் தாயகம் திரும்பினார். 1960-இல் கொடைக்கானல் வானோக்கு நிலையத்தின் இயக்குநரானார். இரவு வானை ஆராய இருள் செறிந்த ஓர் இடம் வேண்டும் என்று தேடினார். இருளின் அருமையை எங்கள் கும்மிடிப்பூண்டிப் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்பேட்டை விளக்குகளால் வெளுத்த வானத்தில் மங்கலான மீன்களைக் காண முடிவதில்லை. அத்தகைய வெளிச்சத்துக்கு எட்டாத சவ்வாது மலைக் காவலூரை அவர் தேர்ந்தார். தெற்கே தாழ்ந்த அட்சரேகையில் இருப்பதால் தென் வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும்.

1968-இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1972-இல் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசுக்கு வளையங்கள் உண்டென உலகுக்கு உணர்த்திய நோக்கல்களில் காவலூருக்கும் பங்குண்டு. அடுத்து 234 செ.மீ. தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்கத் துணிந்தார். உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் உயர்ந்தார். ஆனால் தொலைநோக்கி முடியுமுன், 1982 ஆகஸ்டு 19 அன்று மியூனிக் நகரில் காலமானார். 1986-இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1988-இல் காவலூரிலிருந்தே ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு இராமானுஜன் பெயரை இட்டனர். அயல்நாட்டுத் தகட்டில் புதியதைக் கண்டவர், நம் மலையிலேயே புதியதைக் காணும் இடத்தைப் பிறருக்கு விட்டுச் சென்றார். வால்மீன் திரும்பி வர 60,000 ஆண்டுகள் ஆகலாம். காவலூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது, நண்பர்களே!