உலகத்தின் கையில் காமிரா கொடுத்தவர்

வீட்டுக்கு வீடு சுவரில் போட்டோ தொங்குகிறது. தாத்தா படம், கல்யாணப் படம், குழந்தை தவழும் படம். ஏழை வீட்டிலும் ஒரு படமாவது இருக்கும்.

150 வருஷங்களுக்கு முன்பு இந்த நிலை இல்லை. படம் எடுப்பது பெரிய வித்தை. அதற்கென்று தொழில் படித்தவர்களால்தான் முடியும். பணம் உள்ளவர்கள்தான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். கோடக் கம்பெனியை ஆரம்பித்தவர் இவரே.

படம் பிடிப்பது ஒருவர் வேலை. அதைக் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவது வேறொருவர் வேலை. இந்த ஏற்பாட்டை ஊர் ஊராகப் பரப்பியவரும் இவர்தான்.

இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது 14 வயது வரைதான்!

தகப்பனார் மறைந்தார்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1854-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி பிறந்தார். ஊர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்வில். அவருக்கு இரண்டு அக்காள்மார் இருந்தார்கள்.

தகப்பனார் ரோசெஸ்டர் நகரில் கணக்கு, வியாபாரப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றை நடத்தினார். குடும்பமும் அந்த நகருக்குக் குடிவந்தது. ஆனால் 1862-ம் வருஷம் அவர் திடீரென்று இறந்துபோனார். அப்போது ஜார்ஜுக்கு வயது 7.

தகப்பனார் போனதும் கல்லூரியும் போயிற்று. வருமானம் நின்றது.

தாயார் மரியா மனம் தளரவில்லை. வீட்டில் ஆட்களைக் குடிவைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார். அந்தப் பணத்தில் குடும்பம் நடந்தது.

சின்ன அக்காள் கேட்டிக்கு இளம்பிள்ளைவாதம். சக்கர நாற்காலியிலேயே காலத்தைக் கழித்தாள். 1870-ம் வருஷம் அவளும் இறந்துபோனாள்.

தாயார் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு ஜார்ஜால் சும்மா இருக்க முடியவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எடுபிடிப் பையன் வேலை. சம்பளம் வாரத்துக்கு 3 டாலர்.

கைக்கு வந்த காசை அவர் வீணாக்கவில்லை. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்தார். இரவில் வீட்டிலேயே கணக்குப் படித்தார். 1874-ம் வருஷம் ரோசெஸ்டர் சேமிப்பு பாங்கில் குமாஸ்தா ஆனார். வாரச் சம்பளம் 15 டாலர். குடும்பம் மூச்சு விட்டது.

மூட்டை முடிச்சு

ஈஸ்ட்மனுக்கு 23 வயது. லீவில் சாண்டோ டொமிங்கோ தீவுக்குப் போய்வர நினைத்தார். போகிற இடத்தைப் படம் பிடித்து வரலாமே என்று கூட வேலை பார்த்த ஒருவர் யோசனை சொன்னார்.

ஈஸ்ட்மன் காமிரா வாங்கினார். அப்புறம்தான் தெரிந்தது, காமிரா மட்டும் போதாது என்று!

பெட்டி போன்ற பெரிய காமிரா. அதை நிறுத்த முக்காலி. கண்ணாடித் தட்டுகள். மருந்து பாட்டில்கள். தண்ணீர்ப் பாத்திரம். இருட்டில் வேலை செய்ய ஒரு கூடாரம். ஒரு பொதி கழுதைக்கு உரிய சுமை.

கூடாரத்துக்குள் உட்கார்ந்து கண்ணாடித் தட்டில் மருந்து பூச வேண்டும். அது காய்வதற்குள் படம் பிடிக்க வேண்டும். உடனே ஓடிவந்து கழுவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் படம் கெட்டுவிடும். இதைக் கற்றுக்கொள்ள அவர் 5 டாலர் கொடுத்துப் பாடம் கேட்டார்.

கடைசியில் அவர் அந்தத் தீவுக்குப் போகவே இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு படம் பிடிக்க இத்தனை சுமை எதற்கு?

அடுப்பங்கரை ஆராய்ச்சி

இங்கிலாந்தில் சிலர் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஜெலட்டின் என்ற பசையில் மருந்தைக் கலந்து கண்ணாடியில் பூசிக் காயவைப்பது. காய்ந்த பிறகும் அந்தத் தட்டில் படம் பிடிக்கலாம். இந்த விவரத்தை ஈஸ்ட்மன் ஆங்கிலப் பத்திரிகைகளில் படித்தார்.

பகலில் பாங்கு வேலை. இரவில் தாயாரின் சமையல் அறையில் மருந்து காய்ச்சும் வேலை. பல நாள் விடியும்வரை கண் விழித்தார். களைத்துப் போனால், அடுப்பு ஓரத்தில் தரையிலேயே படுத்துத் தூங்கிவிடுவார்.

தட்டுகளில் ஒரே சீராக மருந்து பூச ஓர் இயந்திரமும் செய்தார். 1879-ம் வருஷம் லண்டனுக்குப் போய் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1880-ம் வருஷம் ரோசெஸ்டரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்குப் பிடித்தார். தட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார்.

தாயார் வீட்டில் குடியிருந்தவர்களில் ஒருவர் ஹென்றி ஸ்ட்ராங். வண்டிச் சாட்டை செய்யும் தொழில் அவருக்கு. அவர் ஈஸ்ட்மனை நம்பிப் பணம் போட்டார். 1881-ம் வருஷம் ஜனவரி மாதம் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

அதே வருஷம் பாங்கில் மேல் பதவி ஒன்று காலியாயிற்று. அது ஈஸ்ட்மனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் டைரக்டர் ஒருவரின் உறவினருக்குக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் மாதம் ஈஸ்ட்மன் வேலையை உதறினார்.

செத்த தட்டுகள்

மாதச் சம்பளம் இனி இல்லை. தட்டுத் தொழில்தான் சோறு போட வேண்டும்.

அந்தச் சமயத்தில் இடி விழுந்தது.

1882-ம் வருஷத் தொடக்கத்தில் புகார்கள் வந்தன. ஈஸ்ட்மன் தட்டில் படம் விழவில்லை என்றார்கள் வியாபாரிகள். நாள்பட்ட தட்டுகளில் மருந்து தன் சக்தியை இழந்திருந்தது. புதிதாகச் செய்த தட்டுகளும் அப்படியே!

என்ன காரணம் என்று அவருக்குப் புரியவில்லை. பழைய கலவைதான். பழைய பக்குவம்தான். எத்தனையோ முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். பலன் இல்லை.

அந்த நேரத்தில் அவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. விற்றது விற்றதுதான் என்று கையை விரித்துவிடலாம். அல்லது எல்லாத் தட்டுகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் கம்பெனி கவிழ்ந்துவிடும் போல் இருந்தது.

ஈஸ்ட்மன் திரும்ப வாங்கிக்கொண்டார்!

கெட்ட தட்டுக்குப் பதில் நல்ல தட்டு தருவதாக வாக்குக் கொடுத்தார். பணம் கரைந்தது. நல்ல பெயர் மட்டும் மிஞ்சியது.

தொழிற்சாலையை மூடிவிட்டு, ஸ்ட்ராங்குடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கேதான் குற்றவாளி அகப்பட்டது. தவறு கலவையில் இல்லை. விலைக்கு வாங்கிய ஜெலட்டினில் இருந்தது. வேறு ஜெலட்டின் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தட்டுகளில் மறுபடி படம் விழுந்தது.

அன்றிலிருந்து ஒரு விதியை அவர் கடைப்பிடித்தார். உள்ளே வரும் சரக்கைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. ஜனங்கள் கைக்குப் போன பிறகு குறை கண்டுபிடித்துப் பயன் இல்லை. போய்விட்ட நேரத்தை மறுபடி படம் பிடிக்க முடியுமா?

கடுகு செய்த மாயம்

ஒரு ஜெலட்டின் நல்லது, இன்னொன்று கெட்டது. ஏன்?

விடை கிடைக்க 40 வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1920-க்குப் பிறகு கோடக் ஆராய்ச்சிக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார்.

ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. கடுகு போன்ற செடிகளில் கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறது. மாடு அந்தச் செடிகளைத் தின்றால், அந்தப் பொருள் துளியளவு ஜெலட்டினிலும் சேர்கிறது. அந்தத் துளிதான் மருந்துக்கு ஒளியை உணரும் சக்தியைக் கூட்டுகிறது!

கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை.

ரோசெஸ்டருக்கு வந்த பெட்டிகள்

கண்ணாடித் தட்டு கனம். உடையவும் உடையும். ஆகவே சுருட்டி வைக்கக்கூடிய பிலிம் செய்ய முயன்றார் ஈஸ்ட்மன்.

1888-ம் வருஷம் ஒரு சிறிய காமிரா வெளிவந்தது. அதற்கு கோடக் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அவரே உண்டாக்கிய பெயர். முதலிலும் கடைசியிலும் வரும் ஆங்கில எழுத்து அவருக்குப் பிடித்தமானது. தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்னும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

காமிராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்குப் பிலிம் இருக்கும். கயிற்றை இழுக்க வேண்டும். பட்டனை அமுக்க வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

100 படம் முடிந்ததும் என்ன செய்வது? காமிராவை அப்படியே ரோசெஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். கூட 10 டாலர் கட்ட வேண்டும். கம்பெனியார் பிலிமை எடுத்துக் கழுவுவார்கள். பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டுவார்கள். காமிராவில் புதுப் பிலிம் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்ட வடிவில், இரண்டரை அங்குலம் இருக்கும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ரோசெஸ்டரில் இருந்தவர்களுக்கு அது நுட்பமான வேலை.

முதலில் வந்த பிலிம் காகிதத்தில் மருந்து பூசியது. கழுவிய பிறகு படம் உள்ள மெல்லிய படலத்தைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். காகிதத்தை மட்டும் உரிக்க வேண்டும். கை தவறினால் படம் கிழிந்துவிடும். ஒரு படம் அல்ல. யாரோ ஒருவர் வீட்டு 100 படங்கள் அந்தத் தொழிலாளியின் கையில் இருந்தன. படம் எடுத்தவருக்கு முன்னால், முன்பின் அறியாத அவர்தான் அந்தப் படங்களைப் பார்த்தார்.

பட்டனை அமுக்கியவருக்கு இந்தக் கஷ்டம் எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதே ஈஸ்ட்மனின் ஏற்பாடு.

1889-ம் வருஷம் காகிதம் இல்லாத, கண்ணாடி போன்ற பிலிம் வந்தது. ரெய்ஷன்பாக் என்ற ரசாயன நிபுணர் அதை ஈஸ்ட்மனுக்காகத் தயாரித்தார். சினிமாக் கருவி செய்துகொண்டிருந்த எடிசனுக்கும் அந்தப் பிலிம் கைகொடுத்தது.

ஒரு டாலர் காமிரா

25 டாலர் ஏழைக்கு எட்டாத விலை. 1900-ம் வருஷம் பிரவுனி என்ற காமிராவை ஈஸ்ட்மன் வெளியிட்டார். விலை 1 டாலர். பிலிம் 15 சென்ட். குழந்தைகளே வாங்கிப் படம் எடுத்தார்கள். முதல் வருஷத்திலேயே 1 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எல்லாம் புகழாகவே அமையவில்லை. ஹானிபல் குட்வின் என்ற பாதிரியாரும் பிலிம் கண்டுபிடித்து 1887-ம் வருஷம் காப்புரிமை கேட்டிருந்தார். அது கிடைக்க 11 வருஷம் ஆயிற்று. 1900-ம் வருஷக் கடைசியில் அவர் இறந்துபோனார். அவருடைய உரிமையை வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். ஈஸ்ட்மன் கம்பெனி தோற்றது. 1914-ம் வருஷம் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

வாரி வழங்கினார்

ஈஸ்ட்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயார்தான் அவருக்கு எல்லாம். 1907-ம் வருஷம் தாயார் காலமானபோது, அடக்கமே உருவான அந்த மனிதர் நாள் முழுவதும் அழுதார். பின்னால் ரோசெஸ்டரில் சங்கீதக் கல்லூரி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். அதில் உள்ள மண்டபத்துக்குத் தாயாரின் குடும்பப் பெயரை வைத்தார்.

தொழிலாளிகளை அவர் மறக்கவில்லை. 1912-ம் வருஷத்தில் இருந்து கம்பெனி லாபத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1919-ம் வருஷம் தம் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பாகத்தை அவர்களுக்குக் கொடுத்தார். அதன் மதிப்பு 1 கோடி டாலர்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1912-ம் வருஷம் முதல் பெரும் பணம் வந்துகொண்டே இருந்தது. கொடுத்தவர் பெயர் ஸ்மித் என்று மட்டும் சொன்னார்கள். யார் அந்த ஸ்மித்? 1920-ம் வருஷம்தான் ரகசியம் வெளிப்பட்டது. அவர் ஈஸ்ட்மன்! அந்தக் கழகத்துக்கு அவர் கொடுத்தது மொத்தம் சுமார் 2 கோடி டாலர்.

ஏழைக் குழந்தைகளுக்காக ரோசெஸ்டரிலும், லண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களிலும் பல் ஆஸ்பத்திரிகள் கட்ட உதவினார். நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்டவர்கள் படித்த டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்விக்கூடங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். அவர் செய்த தர்மம் மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல்.

சோக முடிவு

கடைசிக் காலத்தில் முதுகுத் தண்டில் நோய் வந்தது. நடப்பதே வேதனை ஆயிற்று. 1932-ம் வருஷம் மார்ச் 14-ந் தேதி, 77-வது வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். எத்தனையோ பேருக்கு உதவிய மனிதருக்கு அப்படி ஒரு முடிவு வந்தது பெரிய துயரம். அவர் வாழ்ந்த வீடு 1949-ம் வருஷம் முதல் போட்டோக் கலைக் காட்சிசாலையாக இருக்கிறது.

பிலிம் காலம் மாறிவிட்டது. பிலிம் இல்லாத எலெக்ட்ரானிக் காமிராவை 1975-ம் வருஷம் முதலில் செய்ததும் கோடக் என்ஜினீயர் ஒருவர்தான். ஆனால் அந்த மாறுதலே கம்பெனியைச் சாய்த்தது. 2012-ம் வருஷம் அது திவால் மனுக் கொடுத்தது. மறு வருஷம் சிறிய கம்பெனியாக எழுந்தது.

இன்று ஜனங்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே பிரிண்ட் கடைக்கு அனுப்புகிறார்கள். இயந்திரம் நிமிஷத்தில் அச்சிட்டுத் தள்ளுகிறது.

ஆனால் இயந்திரத்துக்குக் கண் இல்லை. செல்போன் படத்தின் நீள அகலம் வேறு. 6 அங்குலத்துக்கு 4 அங்குலக் காகிதத்தின் நீள அகலம் வேறு. காகிதம் நிறைய அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படும். அந்த ஓரத்தில் பாட்டியின் தலை இருக்கலாம். அந்த அளவுக்குப் படம் தெளிவாக விழ, அதில் 1,800-க்கு 1,200 புள்ளிகள் இருந்தால் நல்லது. நண்பர்கள் செல்போனில் மாற்றி மாற்றி அனுப்பிய படத்தில் பல சமயம் அத்தனை இருக்காது. படம் மங்கிவிடும்.

ஆகவே நல்ல கடைகளில், அச்சுக்குப் போகும் முன் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் நிறுத்திவைத்து, அனுப்பியவரைக் கேட்கிறார். முகம் தெரியாத குடும்பத்தின் கல்யாணத்தையும், இறந்துபோன பெரியவரின் கடைசிப் படத்தையும் அவர்தான் முதலில் பார்க்கிறார்.

ரோசெஸ்டர் தொழிலாளிகள் செய்த அதே வேலை. செத்த தட்டுகளைத் திரும்ப வாங்கியபோது ஈஸ்ட்மன் காப்பாற்றிய நாணயத்தை, இன்று காப்பாற்ற வேண்டியவர் அவர்தான்.