கீசக வதம் தந்த நடராஜ முதலியார்

தென்னாட்டில் முதன்முதல் முழுநீளக் கதைப்படம் எடுத்த பெருமை, வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியாருக்கு உரியது. சென்னையில் மோட்டார் உறுப்புக்கள் விற்றுவந்த அவர், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் காமிராத் தொழிலைப் பயின்றார். பின்னர் இந்தியா பிலிம் கம்பெனியைச் சென்னையில் நிறுவி, பாரதத்தினின்று கீசகன் கதையைத் தெரிந்தெடுத்தார். யாவரும் கூத்திற் கண்ட கதையாதலின் பேசாப்படத்திற்கு அது மிகவும் ஏற்றதாயிற்று.

மின்விளக்கின் துணையின்றி, மேலே மெல்லிய வெண்டுணி கட்டி வெயிலைத் தணித்து, அவ்வொளியிலேயே படம் பிடித்தனர். சுமார் ஐந்து வாரங்களில் வேலை முடிந்தது. செலவு ஏறத்தாழ 35,000 ரூபாய். படச்சுருளைக் கழுவும் சாலையைப் பெங்களூரில் அமைத்திருந்தமையால், சுருள்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. படம் நல்ல வருவாய் ஈட்டிற்று. மேலும் சில புராணப் படங்களை அவர் எடுத்தார். ஆயினும் தீவிபத்தும் மகனது மறைவும் அவர் உள்ளத்தை ஒடித்தன. 1923இல் அத்தொழிலைத் துறந்தார். 1971இல் காலமானார்.

அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. முயன்று செய்தவர் ஒருவர். காவாது விட்டவர் நாம் அனைவரும். அரியாங்குப்பத்து நம் இல்லங்களிலும் முன்னோர் ஓலைகளும் படங்களும் கரையானுக்கு இரையாகின்றன. அன்பர்களே, எஞ்சியவற்றையேனும் காப்போமாக.