சிக்கனத்தில் சிறகு விரித்த சுப்ரதோ முகர்ஜி



எங்க உப்பளத்தில் பந்து உதைக்காமல் வளர்ந்த பையனைத் தேடிப் பிடிக்கணும். இந்திரா காந்தி விளையாட்டரங்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் கனவெல்லாம் சுப்ரதோ கோப்பை ஆடணும் என்பதுதான். அந்த சுப்ரதோ யாரோ ஒரு பெரிய கால்பந்து வீரர் என்றே நான் நினைத்துக் கொண்டிருந்தேன். டிப்ளமோ இரண்டாம் வருடம், நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய், அவர் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி என்று தெரிந்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் படித்தவற்றைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சுப்ரதோ முகர்ஜி 1911 மார்ச் 5-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சதீஷ் சந்திர முகர்ஜி ஐ.சி.எஸ். அதிகாரி. உறவினர் இந்திரலால் ராய் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்து பத்து எதிரி விமானங்களை வீழ்த்தி, 1918-ல் இருபது வயதுகூட நிறையாமல் வானிலேயே உயிரை விட்டவர். வசதியான, படித்த குடும்பம். நம்மில் பலரைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் இல்லை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்கு முன்னால் எந்த இந்தியரும் போய்ப் பாதை போட்டு வைக்கவில்லை. அந்த வகையில் அவரும் முதல் தலைமுறைதான்!

இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி பெறத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய இளைஞர்களில் அவரும் ஒருவர். இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்த 1932 அக்டோபர் 8 அன்றுதான் அவரும் அதிகாரி ஆனார். 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. ஸ்குவாட்ரன் என்றதும் வரிசையாக நிற்கும் விமானங்களைக் கற்பனை செய்யாதீர்கள். இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். அவையும் இரட்டை இறக்கை வைத்த பழைய ரகம். அவற்றைப் பழுது பார்க்க ஹவாய் சிப்பாய் என்ற பெயரில் சில இந்திய மெக்கானிக்குகள். ஒரு நாட்டின் விமானப்படை இவ்வளவுதான்!

அந்த ஹவாய் சிப்பாய்களில் ஒருவரை நாம் மறக்கக் கூடாது. ஹர்ஜிந்தர் சிங் என்று பெயர். லாகூரில் பொறியியல் படித்துவிட்டு, சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். கையில் எண்ணெய்க் கறையோடு தொடங்கியவர், பிற்காலத்தில் ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்து, கான்பூரில் விமானப்படையின் பராமரிப்புப் பிரிவுக்கே தலைமை தாங்கினார். ஸ்பேனர் பிடிக்கிற கையைக் குறைவாக நினைக்கிற யாருக்கும் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

முகர்ஜியின் இளமைக்காலப் பணி வடமேற்கு எல்லைப்புற மலைகளில் கழிந்தது. 1940-ல் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. கீழே ஒரு ராணுவக் காவல் முகாமை எதிரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்களிடம் தோட்டா தீர்ந்து கொண்டிருக்கிறது. மேலே பறந்த முகர்ஜி அதைப் புரிந்துகொண்டார். தன் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்கு வைத்திருந்த தோட்டாக்களை எடுத்து, காலுறைகளில் நிரப்பி, தாழ்வாகப் பறந்து முகாமுக்குள் போட்டார்கள் அவரும் அவருடைய துப்பாக்கி வீரரும். பாராசூட் இல்லை, பெட்டி இல்லை. காலுறைதான் இருந்தது, காலுறையே போதுமாக இருந்தது. பின்னாளில் ஒரு படையையே அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு இதைவிட நல்ல முன்னோட்டம் கிடையாது.

1939 மார்ச்சில் முதல் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். 1943-ல் கோஹாட் விமானத் தளத்துக்கும் அப்படியே. 1947-ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. ஆட்களையும் விமானங்களையும் பங்கு போட்டார்கள். விமானங்களைப் பழுது பார்க்கும் தளங்கள் பல எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் போர்க்காலத்து ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட், டகோட்டா.

இங்கேதான் கான்பூர் கதை வருகிறது. போர் முடிந்து போகும்போது லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்களை யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காயலான் கடைச் சரக்கு மாதிரி கிடந்தவற்றை பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் எடுத்து, ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் மாட்டி, 40-க்கும் மேற்பட்டவற்றைப் பறக்க வைத்தார்கள். 1948 நவம்பரில் அவற்றை வைத்து ஐந்தாம் ஸ்குவாட்ரன் உருவானது. புது விமானம் வாங்கக் காசில்லாத நாடு, குப்பையிலிருந்து ஒரு குண்டுவீச்சுப் படையைச் செய்தது. அவை 1968 வரை சேவையில் இருந்தன!

இதை வீட்டில் சொன்னபோது எங்க அப்பாவுக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. அவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மூன்று ஓட்டை சைக்கிளில் இருந்து ஒரு நல்ல சைக்கிள் பண்ணுவது அவருக்கு வாராந்திர வேலை. ஆனால் அடுத்து நான் சொன்னதற்கு அவர் கேட்ட ஒரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் மூன்று ஆங்கிலேயர்கள் அடுத்தடுத்து நம் விமானப்படைக்குத் தலைமை வகித்தார்கள். 1954 ஏப்ரல் 1-ம் தேதி, முதல் ஸ்குவாட்ரன் பிறந்து சரியாக 21 வருடம் ஆன அன்று, முகர்ஜி தலைமை ஏற்றார். வயது 43. நான்கு வாபிட்டியோடு தொடங்கியவர் கையில் இப்போது முழுப் படை.

அப்போதைய நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். அதே 1954-ல் பாகிஸ்தான் அமெரிக்காவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டது. அதன் பலனாக நூற்றுக்கும் மேற்பட்ட சேபர் ஜெட் போர் விமானங்கள் அங்கே வந்து இறங்கின. இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. அதனால் உதவியாக எதுவும் கிடைக்காது, காசு கொடுத்து வாங்கணும். காசோ, பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகளுக்கும் அணைகளுக்கும் தேவைப்பட்டது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் அந்நியச் செலாவணி கரைந்து நாடே திணறியது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் பாதுகாப்பு. நடுவில் நிற்பவர் என்ன செய்வார்?

முகர்ஜியின் காலத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, ஒரே கடையில் வாங்காமல் இருப்பது. அவர் தலைமை ஏற்பதற்கு முந்தைய ஆண்டே, அதாவது 1953-ல், பிரான்சின் டசால்ட் கம்பெனியிடம் 71 ஊராகான் ஜெட் விமானங்களுக்கு இந்தியா ஆர்டர் கொடுத்திருந்தது. நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் தூஃபானி. நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கணும். அந்த வருடம் புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. கீழூர் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபரில், இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது நவம்பர் 1-ல். ஒரு பக்கம் நம் மண்ணுக்காகப் பேச்சுவார்த்தை, மறுபக்கம் அதே நாட்டிடம் விமானம் வாங்கும் வியாபாரம்! 1957-ல் இன்னும் 33 தூஃபானி வாங்கினார்கள். அவை பிரெஞ்சு விமானப்படை ஓட்டிய செகண்ட் ஹேண்ட் விமானங்கள். கௌரவம் பார்க்கவில்லை.

இரண்டாவது வழி, கொஞ்சம் நல்லதையும் வாங்கி வைப்பது. 1957-ல் பிரான்சின் மிஸ்டேர் வந்தது. பிரிட்டனின் ஹன்ட்டர் 160 வாங்க முடிவானது. கான்பெரா என்ற ஜெட் குண்டுவீச்சு விமானமும் வந்தது. இறுக்கிப் பிடிக்கிற காலத்தில் இவ்வளவு பெரிய செலவு எளிதாக எடுத்த முடிவாக இருந்திருக்காது.

மூன்றாவது வழிதான் நம் படிப்புக்கு ரொம்ப நெருக்கமானது. சின்னதாகச் செய், சொந்தமாகச் செய் என்பது. போர் விமானங்கள் வருடா வருடம் கனமாகிக் கொண்டே போகின்றன, விலையும் ஏறுகிறது, இதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று யோசித்தவர் பெட்டர் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர். ஃபாலண்ட் கம்பெனியில் அவர் வடிவமைத்ததுதான் நேட். ஹன்ட்டரின் இறக்கை விரிப்பு 10 மீட்டருக்கு மேல். நேட்டுக்கு 7 மீட்டர்கூட இல்லை. காலி எடை ஹன்ட்டருக்கு 6 டன்னுக்கு மேல், நேட்டுக்கு ஏறக்குறைய 2.2 டன். எடை குறைந்தால் சின்ன என்ஜின் போதும், சின்ன என்ஜின் என்றால் எரிபொருளும் குறையும், எரிபொருள் குறைந்தால் எடை இன்னும் குறையும். நம் டிசைன் வகுப்பில் சொல்வது போல ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

பிரிட்டன் தன் விமானப்படைக்கு நேட்டைப் பயிற்சி விமானமாக மட்டுமே எடுத்துக்கொண்டது. போர் விமானமாகப் பெரிய அளவில் நம்பி எடுத்தது இந்தியாதான். 1956 செப்டம்பரில் ஒப்பந்தம். சில முழு விமானங்கள், சில உதிரிகளாக வந்து இங்கே பூட்டுவதற்கு, மீதியை பெங்களூரில் தயாரிக்க உரிமம். 1958 ஜனவரியில் முதல் நேட் ஒரு சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து இந்தியா வந்தது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்! 1960 மார்ச்சில் 23-ம் ஸ்குவாட்ரன் நேட்டுக்கு மாறியது. அதில் இருந்த ஆர்ஃபியஸ் என்ஜினையும் பெங்களூரிலேயே தயாரித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. முழுக்க நம் நாட்டிலேயே ஒரு ஜெட் போர் விமானம் வடிவமைக்க, 1956-ல் ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க்கை பெங்களூருக்கு வரவழைத்தார்கள். அதுதான் மாருத்.

இப்போது அப்பாவின் கேள்வி. வாம்பயர், தூஃபானி, மிஸ்டேர், ஹன்ட்டர், நேட் என்று நான் பெருமையாக அடுக்கியதும், இத்தனை ரகத்துக்கும் சாமான் எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியும், நாலு கம்பெனி சைக்கிளுக்கு நாலு விதமாக நட்டும் பேரிங்கும் வேண்டும். உண்மைதான். ரகத்துக்கு ஒரு டூல், ரகத்துக்கு ஒரு மேனுவல், ரகத்துக்கு ஒரு பயிற்சி. வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு, பராமரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நேட்டிலும் ஹைட்ராலிக், வால் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் இருந்தன, துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் தொந்தரவும் இருந்தது. மாருத் 1961 ஜூன் 17-ல் நன்றாகவே பறந்தது. ஆனால் அதற்கு ஏற்ற வலுவான என்ஜினை உருவாக்கும் செலவை ஏற்க அரசு முன்வராததால், நேட்டின் குடும்பத்து என்ஜினையே போட்டு ஓட்ட வேண்டி வந்தது. நினைத்த வேகத்தை அது கடைசி வரை எட்டவில்லை. சிக்கனம் எங்கே முடிகிறது, கஞ்சத்தனம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மாருத் ஒரு பாடம்.

முகர்ஜி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1960 நவம்பர் 8-ல், டோக்கியோவுக்கான ஏர் இந்தியாவின் முதல் சேவையில் விருந்தினராகப் போனார். அங்கே ஒரு உணவகத்தில் நண்பரோடு சாப்பிடும்போது உணவு மூச்சுக்குழாயில் அடைத்து உயிர் பிரிந்தது. வயது 49. எல்லைப்புற மலையிலும் உலகப்போரிலும் சாகாதவர் ஒரு கவள உணவில் போய்விட்டார். மனைவி சாரதா முகர்ஜி பிற்காலத்தில் ஆந்திராவுக்கும் குஜராத்துக்கும் ஆளுநராக இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதே 1960-ல் தொடங்கிய அந்தப் போட்டிதான் சுப்ரதோ கோப்பை.

அவர் விட்டுப்போன படைக்கு 1965-ல் சோதனை வந்தது. சேபர்களை எதிர்த்து அந்தக் குட்டி நேட் விமானங்கள் போட்ட சண்டை உலகுக்கே ஆச்சரியம். 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் வானில் தனி ஆளாகப் பல சேபர்களோடு மோதி வீரமரணம் அடைந்த நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நேட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். அவருடைய 18-ம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் கோவை அருகே சூலூரில் மீண்டும் உயிர் பெற்றது. இந்த முறை கையில் இருந்தது நம் நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ். அதுவும் எடை குறைந்த போர் விமானமே! அதே 2020 ஜூலையில் அம்பாலாவில் முதல் ரஃபேல்கள் இறங்கின. அவற்றைச் செய்தது, தூஃபானி செய்த அதே டசால்ட். கொஞ்சம் வெளியே வாங்கு, கொஞ்சம் உள்ளே செய் என்ற அன்றைய கணக்கு இன்றும் முடியவில்லை.

நண்பர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் முழு பட்ஜெட் கிடைத்ததே இல்லை. அதை நாம் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முகர்ஜியின் வாழ்க்கை எனக்குச் சொல்வது வேறு. கையில் காலுறைதான் இருந்தால் காலுறையில் அனுப்பு. பழசைப் பழுது பார்க்க வெட்கப்படாதே. ஆனால் என்ஜின் மாதிரி உயிரான இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. நமக்கு அந்த என்ஜின் நம் படிப்புதான் என்று நினைக்கிறேன். எங்க அப்பா எல்லாவற்றிலும் கை சுருக்குவார், என் பரீட்சைக் கட்டணத்தில் மட்டும் ஒருநாளும் சுருக்கியதில்லை. அவருக்கு விமானம் தெரியாது, கணக்குத் தெரியும்.

அடுத்த முறை உப்பளம் மைதானத்தில் சின்னப் பசங்க சுப்ரதோ கோப்பை பற்றிப் பேசினால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்லிவிட்டுப் பந்தை உதையுங்கள்.