யார் இந்த கென் ஆஸ்டன்? கால்பந்தில் மஞ்சள், ரெட் கார்டு வந்தது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிற ஸ்கூல் மேட்ச்சா இருந்தாலும் சரி, உலகக் கோப்பை ஃபைனலா இருந்தாலும் சரி, நடுவர் பாக்கெட்டில் கையை விட்டாலே மைதானம் கப்சிப் ஆகிடும். மஞ்சள்னா எச்சரிக்கை, சிவப்புன்னா வெளியேற்றம். ஆனால் 1970-க்கு முன்பு கால்பந்தில் இந்த கார்டுகளே கிடையாது. அதற்கு யோசனை சொன்னவர் ஒரு ஸ்கூல் வாத்தியார்.

நடுவரான ஆசிரியர்

கென் ஆஸ்டன் 1915-ல் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்த அவர், 1936-ல் கால்பந்து நடுவராகத் தகுதி பெற்றார். சின்னச் சின்னப் போட்டிகளில் தொடங்கி படிப்படியாக மேலே வந்தார்.

நடுவே இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். சிங்கப்பூரில் சாங்கி போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் பணியாற்றினார்.

ஊர் திரும்பியதும் மறுபடி விசில். மூடுபனியில் லைன்ஸ்மேன் கொடி சரியாகத் தெரியவில்லை என்பதால், 1947-ல் பளிச்சென்ற மஞ்சள் கொடியைக் கொண்டுவந்தார். 1953-ல் தலைமை ஆசிரியரும் ஆனார்.

கைமீறிப் போன மேட்ச்

1962 ஜூன் 2. உலகக் கோப்பையில் சிலி - இத்தாலி மோதல். இடம் சாண்டியாகோ, நடுவர் ஆஸ்டன். ஆட்டம் அடிதடியாக மாறியது. வெளியே போகச் சொன்ன இத்தாலி வீரர் ஃபெரினி நகரவே இல்லை. கடைசியில் போலீஸ் உள்ளே வந்துதான் அவரை வெளியேற்றியது. விதிகளைக் கரைத்துக் குடித்தவர்தான் ஆஸ்டன். ஆனால் வீரர்களின் மொழி அவருக்குத் தெரியாது.

மீண்டும் அதே சிக்கல்

1966 உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாளர் ஆஸ்டன். ஜூலை 23, வெம்ப்ளியில் இங்கிலாந்து - அர்ஜென்டினா காலிறுதி. ஜெர்மன் நடுவர் க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியேற்றினார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. ராட்டின் போக மறுக்க, ஆட்டம் நின்றது. ஆஸ்டனே இறங்கி வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொரு கூத்தும் நடந்தது. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களுக்கும் நடுவர் எச்சரிக்கை கொடுத்திருந்தார். அது அவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை! காரணம், அப்போதெல்லாம் எச்சரிக்கை என்பது நடுவர் வாயால் சொல்லி, நோட்டில் பெயரைக் குறித்துக்கொள்வது மட்டும்தான்.

சிக்னலில் கிடைத்த ஐடியா

வெம்ப்ளியில் இருந்து காரில் திரும்பும்போதும் ஆஸ்டனுக்கு இதே யோசனை. லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் சிக்னல் மஞ்சளில் இருந்து சிவப்புக்கு மாறியது. மஞ்சள்னா பார்த்துப் போ, சிவப்புன்னா நில். இதையே மைதானத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் அறிமுகமாகின. அந்தத் தொடரில் ஒரு ரெட் கார்டுகூட எடுக்கப்படவில்லை. உலகக் கோப்பையின் முதல் ரெட் கார்டை 1974-ல் வாங்கியவர் சிலி வீரர் கார்லோஸ் காஸ்லி. ஆஸ்டன் 2001-ல் தன் 86-வது வயதில் மறைந்தார்.

தேர்வு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

நடுவர் ஆக விரும்புபவர்கள் இன்றும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். கால்பந்தில் மொத்தம் 17 விதிகள். எந்தத் தவறுக்கு எந்த கார்டு என்பது 12-வது விதியில் வருகிறது. மனப்பாடம் செய்தால் மார்க் வாங்கிடலாம்.

ஆனால் சாண்டியாகோவில் ஆஸ்டனுக்கு விதி தெரியாமல் இல்லை. அதை எதிரில் நின்றவருக்குப் புரியவைக்க வழிதான் இல்லை. தப்பு செய்த வீரர், எதிரணி, வேடிக்கை பார்க்கிற கூட்டம் என எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தால்தான் முடிவு மைதானத்தில் நிற்கும். ராஜபாளையத்தில் விசில் ஊதப் போகிறவருக்கும் இது பொருந்தும். 12-வது விதியைப் படிக்கும்போது, அந்த கார்டு ஏன் வந்தது என்பதையும் சேர்த்துப் படிங்க.